அறுநூறு லிட்டர்

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். பதினான்கு வாசலிலும் ஒரு குழி உண்டு. புதிதாக வருகிறவர்கள் இருட்டில் அதில் கால் விட்டு விழுவார்கள். எழுந்து தூசி தட்டிக்கொண்டே இது எதற்கு என்று கேட்பார்கள். குழாய்க்குத்தான். குழாய் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாகத் தண்ணீர் வரும். முதலில் யாரோ ஓர் அடி தோண்டிக் குழாயை இறக்கினார்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர் குறைந்தது. அவர்கள் ஒன்றரை அடி தோண்டினார்கள். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் மூன்றாம் வீட்டுக் குழிக்குப் படிக்கட்டே கட்டிவிட்டார்கள்.

அதற்குமேல் தோண்ட முடியாது என்ற நிலையில் மோட்டார் வந்தது. தெருக்குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சக் கூடாது என்று குடிநீர் அலுவலகம் வருடத்துக்கு ஒரு முறை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போகும். முதல் வீட்டில், அதாவது தெருவில் மாடி உள்ள ஒரே வீட்டில், அரைக் குதிரைத்திறன் மோட்டார் மாட்டினார்கள். பிறகு நாலாம் வீட்டில். பிறகு கிட்டத்தட்ட எல்லோரும்.

எங்கள் வீடு பதினான்காவது. குழாய் அங்கே முடிகிறது. மற்ற பதிமூன்று வீடும் எடுத்துக்கொண்டு மிச்சம் வைப்பதுதான் எங்களுக்கு. ஒரு கட்டத்தில் அவர்கள் மிச்சம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் முணுமுணுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அக்காவால் அது முடியாது. அவள் எங்கள் வீட்டுக் கூடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பதினொரு பிள்ளைகள். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை. அம்மாக்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டு மணிக்கு விட்டுவிட்டு ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பத்து மணி நேரத்தில் பதினொரு பிள்ளைகள் என்னவெல்லாம் செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கழுவ வேண்டும்.

அக்காவிடம் ஒரு கணக்கு இருந்தது. கை கால், பின்புறம் கழுவ இவ்வளவு, துணி அலச இவ்வளவு, தரை துடைக்க, சமைக்க, குடிக்க என்று கூட்டினால் நாளைக்கு அறுநூறு லிட்டர். மூன்று நீல டிரம். பின்கட்டில் வரிசையாக நிற்கும். மூன்றும் நிரம்பினால் கதவைத் திறப்பாள். இரண்டு நிரம்பினால் சமாளிப்பாள். ஒன்றுகூட நிரம்பாத நாளில் எட்டு மணிக்கு வாசலில் நின்று அம்மாக்களிடம் மன்னிப்புக் கேட்பாள். அப்படி இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை ஒரு அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்று அவளுக்குச் சம்பளம் கிடையாது என்பது அக்காவுக்குத் தெரியும்.

"இன்னொரு தடவை திருப்பி அனுப்பினா இதை மூடிடுவேன்டா," என்றாள் அன்று சாயங்காலம். "இன்னைக்கு உண்டு, நாளைக்கு இல்லைன்னு நடத்துறதுக்குப் பேரு காப்பகம் இல்ல. அவங்க வேற நல்ல இடமாப் பாத்துக்கட்டும்."

மூடினால் அவள் என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஒன்றும் செய்ய மாட்டாள். உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள். அவள் கணவன் போன பிறகு ஒரு வருடம் அதைத்தான் செய்தாள். பிள்ளைகள் வந்த பிறகுதான் எழுந்தாள்.

நான் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். பெட்டி ஏற்றுவது, இறக்குவது. கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றவனுக்கு அது போதும். விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவேன். தண்ணீர் ஆறு முதல் ஏழு வரை. அந்த நேரத்தில் வீட்டில் விழித்திருக்கும் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான் என்பதால் தண்ணீர் என் பொறுப்பு.

மோட்டார் மெக்கானிக்கிடம் போனேன். தெருமுனையில் கடை. தெருவுக்கே அண்ணன்.

"வா வா, உன் வீடும் பக்கத்து வீடும்தான் பாக்கி. எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றார்.

"அண்ணே, மாடி வீட்டுல எவ்வளவு போட்டிருக்காங்க?"

"அரை போட்டாங்க. போன மாசம் ஒண்ணா மாத்திட்டாங்க."

"அப்ப எனக்கு ஒன்றரை குடுங்க."

"அப்படிக் கேளு!" என்று தொடையைத் தட்டினார். "உங்க தெரு மாதிரி இன்னும் ரெண்டு தெரு இருந்தா நான் கடைய மாடி வச்சுக் கட்டிருவேன்."

ஒன்றரைக் குதிரைத்திறன் என்பது சின்ன விஷயம் இல்லை. சுவிட்சைப் போட்டதும் குழாய் ஒரு முறை அதிர்ந்தது. பிறகு தண்ணீர் டிரம்மின் அடியில் மோதிய சத்தத்தில் அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். மூன்று டிரம்மும் பதினொரு நிமிடத்தில் நிரம்பின. கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஆறு மணி பதினொரு நிமிடம்.

"போதும்டா, நிறுத்து," என்றாள் அக்கா. முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் நிறுத்தவில்லை. வாளிகளை நிரப்பினேன். சமையல் பாத்திரங்களை நிரப்பினேன். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பினேன். ஆறே முக்காலுக்கு நிரப்ப எதுவும் இல்லாமல் போனபோது எனக்கு வருத்தமாக இருந்தது. மறுநாளே மொட்டை மாடியில் வைக்க இன்னொரு பெரிய தொட்டி வாங்கி வந்தேன்.

"இது எதுக்கு?"

"வர்றப்ப பிடிச்சு வச்சுக்கணும்க்கா."

"நாளைக்கும்தான் வருமே."

"வரலைன்னா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. யாரிடமும் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு வசதியான கேள்வி.

மூன்று வாரம் அப்படிப் போனது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் செலவு அறுநூறைத் தாண்டவே இல்லை. பிள்ளைகள் பதினொன்றுதான். அவர்களுக்கு இருக்கும் பின்புறமும் பதினொன்றுதான். மீதித் தண்ணீர் அப்படியே நிற்கும். நின்ற தண்ணீரில் புழு வைக்கும் என்று அக்கா சொன்னதால், தினமும் காலையில் பழைய தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தேன். வேலை முடிந்து களைத்து வந்தவன், தூங்காமல் நின்று, நல்ல தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றி, அதே தண்ணீரைத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொட்டும்போது ஒரு கௌரவம்கூட இருந்தது.

ஒரு நாள் பதிமூன்றாம் வீட்டுக் கணக்கு டீச்சர் காலிக் குடத்தோடு வாசலில் வந்து நின்றார். ஓய்வு பெற்றவர். தனி ஆள். தெருவில் மோட்டார் இல்லாத ஒரே வீடு அவருடையது. எனக்கு எட்டாம் வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுத்தவர். எனக்கு இன்றுவரை பின்னம் வராது.

"ஒரு குடம் தண்ணி கிடைக்குமாப்பா?"

"உங்க வீட்டுல வரலையா டீச்சர்?"

"மூணு வாரமா வரல."

"ஐயோ, சொல்லியிருக்கலாமே!"

"சொல்லலாம்னுதான் தினமும் வருவேன். நீ பாட்டுக்கு டிரம்ம கவுத்து ஊத்திக்கிட்டிருப்ப. மும்முரமா இருக்கியேன்னு திரும்பிப் போயிடுவேன்." குடத்தை நீட்டினார். "எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு குடம். துணி துவைக்கிற அன்னைக்கு நாலு. நீ கொட்டுறதுல பத்தில ஒரு பங்கு. பின்னம் மறந்திருக்கும் உனக்கு."

அக்கா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து குடத்தை வாங்கி நிரப்பி, தானே தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். வந்தவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளையிலேருந்து மூணு டிரம் நிறைஞ்சதும் நிறுத்துற."

"நான் நிறுத்தினா அது டீச்சருக்கா போகும்? மாடி வீட்டுக்காரர் கார் கழுவுவார்."

"அவர் எதையோ கழுவட்டும். நீ நிறுத்து."

நிறுத்தவில்லை. தொட்டியை மட்டும் விட்டுவிட்டு வாளிகளை நிரப்பினேன். அதையே பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் எங்கள் மோட்டார் பற்றிய செய்தி தெருவில் பரவிவிட்டது. ஆறாம் வீட்டில் ஒன்றரை வந்தது. மாடி வீட்டில் இரண்டு. மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு புதன்கிழமை காலை சுவிட்சைப் போட்டேன். குழாயிலிருந்து வந்தது பழுப்பாக இருந்தது. நாற்றம் அக்காவைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. முந்தைய நாள் தண்ணீர் அரை டிரம்தான் மிச்சம். அதிலும் நான் அவசரத்தில் இந்தப் பழுப்பைப் பாய்ச்சிவிட்டேன். மூன்று டிரம்மும் பாழ்.

குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து தெருவைத் தோண்டினார். பத்தாம் வீட்டு எதிரே குழாயில் விரல் நுழையும் அளவு விரிசல். பக்கத்திலேயே சாக்கடை. "தண்ணி தானா வந்தா விரிசல்லேருந்து வெளியதான் கசியும்," என்றார் அவர். "நீங்க பதிமூணு பேரு சேந்து இந்தப் பக்கம் இழுத்தா, வெளிய இருக்கறது உள்ள வரும். ஒட்டிட்டுப் போறேன். மறுபடி இழுத்தீங்கன்னா மறுபடி இதையேதான் குடிக்கணும்." அவர் கோபப்படவில்லை. நிறையத் தெருக்களைப் பார்த்த ஆள்.

எட்டு மணிக்கு அக்கா வாசலில் நின்றாள். மூன்றாவது முறை. அம்மாக்கள் பிள்ளைகளோடு கூடி நின்றார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன்.

"பத்து நாள் குடுங்க," என்றாள். "பத்து நாளைக்கு லாரித் தண்ணி வாங்கி ஓட்டுறேன். அதுக்குள்ள குழாய்ல ஒழுங்கா வந்தா சரி. இல்லைன்னா வேற இடம் பாத்துக்கோங்கம்மா. உங்கள இழுத்தடிக்க எனக்கு மனசு வரல."

லாரித் தண்ணீரைப் பத்து நாளைக்கு மேல் வாங்க அவளால் முடியாது. அது அவர்களுக்கும் தெரியும்.

ஒட்டு இறுகும் வரை இரண்டு நாள் குழாயில் தண்ணீர் விடவில்லை. மூன்றாம் நாள் மாலை டீச்சர் வீடு வீடாகப் போய் எல்லோரையும் தன் வாசலுக்கு அழைத்தார். எல்லோரும் வந்தார்கள். சாக்கடை குடித்தவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். இனிமேல் தெருக்குழாயில் யாரும் மோட்டார் போடக் கூடாது என்று மாடி வீட்டுக்காரரே முதலில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். ஆறாம் வீட்டம்மா, "நம்ம தெருவுல ஒத்துமைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினோம்.

மறுநாள் காலை ஆறு மணி. நான் சுவிட்ச் பக்கமே போகாமல் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். ஆறு ஐந்துக்குப் பன்னிரண்டாம் வீட்டில் மோட்டார் ஓடியது. அட துரோகி என்று எழுந்து போய் என்னுடையதைப் போட்டேன். ஆறு பத்துக்குத் தெரு முழுக்க மோட்டார் சத்தம்.

ஏழு மணிக்கு எல்லோரும் தெருவில்தான் நின்றோம். கத்தல். யார் முதலில் போட்டது என்பதுதான் விஷயம்.

"எனக்கு முன்னாடி பன்னெண்டாம் வீடு," என்றேன்.

பன்னிரண்டாம் வீட்டுக்காரர் குதித்தார். "நானா? ஒன்பதாம் வீட்டுல சத்தம் கேட்டப்புறம்தான் போட்டேன்!"

ஒன்பதாம் வீடு ஆறாம் வீட்டைக் காட்டியது. ஆறாம் வீட்டம்மா மாடி வீட்டைக் காட்டினார். மாடி வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்தார். "சத்தியமாச் சொல்றேன், கையைக் கட்டிக்கிட்டுதான் நின்னேன். பதினொண்ணாம் வீட்டுத் தம்பி போன் பண்ணி, 'சார், கடைசி வீட்டுல ஆரம்பிச்சுட்டாங்க'ன்னு சொன்னான். அதுக்கப்புறம்தான் போட்டேன்."

"எங்க வீட்டுலயா?" என்று நான் பாய்ந்தேன். "நான் குழாய் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்! எப்ப கேட்டுச்சு?"

பதினொன்றாம் வீட்டுத் தம்பி பின்வாங்கவில்லை. "ஆறு மணிக்கு. கர்ர்ருன்னு ஒரு நிமிஷம் ஓடிச்சு. நிறுத்திட்டு மறுபடியும் ஓடிச்சு. என் காதுல விழுந்துச்சுண்ணே."

அப்போது எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மிக்ஸி," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"பிள்ளைங்களுக்குக் கஞ்சிக்குத் தானியம் பொடிச்சேன். மிக்ஸியில. ரெண்டு ஓட்டு ஓட்டினேன்."

முதலில் கணக்கு டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்குக்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. மாடி வீட்டுக்காரர் கோபமாக இருக்க முயன்று தோற்றார். கடைசியில் எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அன்று எங்கள் டிரம் ஒன்றில் முக்கால் பங்கு தண்ணீர் இருந்தது. ஆறு நாள் லாரித் தண்ணீர் மிச்சம்.

தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. நாங்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. ஒரு கெட்டவன் இருந்திருந்தால் நாலு பேர் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இங்கே ஒரு மிக்ஸி சத்தத்துக்குப் பதிமூன்று வீடு பயந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துவிடுவான் என்ற பயத்தில் எடுக்கிறோம். எடுத்த பிறகு, பயந்தோம் என்று சொல்லாமல் தேவை என்று சொல்லிக்கொள்கிறோம். என் மொட்டை மாடித் தொட்டிக்கு நான் சொன்ன காரணமும் அதுதான்.

அன்று மாலை லைன்மேன் தன் மகளை எடுக்க வந்தார். மின்சார வாரியத்தில் எங்கள் பகுதியைப் பார்க்கிறவர். அவர் மகளுக்கு ஒன்றரை வயது. அக்கா மடியில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா மிக்ஸிக் கதையைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு மகளைத் தூக்கித் தோளில் போட்டார். போகும்போது நின்றார்.

"மோட்டார் கரண்ட்டுலதானக்கா ஓடுது?"

"பின்ன?"

"கிழக்கால கம்பி மேல கிளை சாஞ்சிருக்கு. வெட்டணும்னு ரொம்ப நாளா பாக்கி. காலையில ஆறுலேருந்து ஏழு வரைக்கும் ஃபியூஸப் பிடுங்கிட்டுத்தான் வெட்டணும். நாலு நாள் வேலை இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "இழுத்தா நாலு நாள்."

மறுநாள் டீச்சர் மறுபடி வீடு வீடாகப் போனார். இந்த முறை நானும் கூடப் போனேன். "நிறுத்துங்கன்னா நீங்க யாரும் நிறுத்த மாட்டீங்க," என்றார் ஒவ்வொரு வாசலிலும். "நாளையிலேருந்து நாலு நாளைக்கு அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் கரண்ட் இல்ல. சம்மதமா?" ஒருவர்கூட மறுக்கவில்லை. ஆறாம் வீட்டம்மா பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். தன் கையைத் தானே கட்டிக்கொள்ள முடியாதவர்களுக்கு வேறு யாராவது வந்து கட்டிவிட்டால் ஒரு நிம்மதி இருக்கிறது.

முதல் நாள் ஆறு மணிக்குத் தெரு முழுக்க மின்விசிறிகள் நின்றன. லைன்மேன் மரத்தில் இருந்தார். நான் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். ஆறு பதினைந்து வரை ஒன்றும் இல்லை. பிறகு குழாய் இருமியது. காற்று வந்தது. சுண்டுவிரல் அளவு தண்ணீர் வந்தது. உறிஞ்சாமல், அதிராமல், தானாக வந்தது. எங்கள் குழாயில் தண்ணீர் தானாக வந்து நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஏழு மணிக்கு ஒன்றரை டிரம்.

"பாதிதானேடா," என்றாள் அக்கா.

"எல்லாரும் குண்டான், சட்டி எல்லாத்துலயும் பிடிச்சிருப்பாங்க. இன்னைக்கு அப்படித்தான் இருக்கும்."

இரண்டாம் நாள் இரண்டேகால் டிரம். மூன்றாம் நாள் மூன்று, விளிம்புக்கு நாலு விரல் குறைவாக. வேறு ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர்களின் தரைத்தொட்டிகள் நிரம்பிவிட்டன. நிரம்பிய தொட்டியில் யாரும் எதையும் ஊற்ற முடியாது. நிரம்பிய பிறகு தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகிறது, அங்கே நிரம்பியதும் அதற்கடுத்த வீட்டுக்கு. மாடி வீட்டுக்காரர் தன் தரைத்தொட்டியிலிருந்து ஏழு மணிக்கு மேல் மாடிக்கு ஏற்றிக்கொண்டார். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. காரும் கழுவினார்.

நாலாம் நாள் லைன்மேன் வந்து சொன்னார்: "அக்கா, கிளை எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே வெட்டினா மரம்தான். ஆபீஸ்லயும் கேட்டுட்டாங்க."

நாளை கரண்ட் உண்டு. நாளை பத்தாம் நாளும்கூட.

அன்று மாலை அக்கா பின்கட்டில் என்னிடம் ஸ்பேனரை நீட்டினாள்.

"கழட்டு."

"சும்மா சுவிட்சப் போடாம இருந்தாப் போதாதா?"

"நீயா? போடாம இருப்பியா? எதையாச்சும் முழுசா முடிச்சிருக்கியாடா நீ? இதையாவது முழுசா கழட்டு."

கழற்றினேன். குழாயை நேராக இணைத்தேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் வெளிச்சுவரின் மேல், தெருவைப் பார்த்து, வயர் தொங்க வைத்தேன். அக்கா சொல்லித்தான் அங்கே வைத்தேன். ஒன்றரைக் குதிரைத்திறன் சுவர் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஊமையாக, கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இரவு எட்டு மணிக்கு வேலைக்குப் போகும்போது பார்த்தேன். பன்னிரண்டாம் வீட்டுச் சுவரிலும் ஒன்று இருந்தது. மற்ற சுவர்கள் காலியாக இருந்தன.

விடிந்து வந்தேன். அக்கா எழுந்து டிரம்களைக் கழுவி வைத்திருந்தாள். ஆறு மணி. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது என்பதை அது சொல்லிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தினேன். கேட்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று.

ஆறு ஐந்து. ஆறு எட்டு. தெரு சும்மா இருந்தது. யாரோ தும்மினார்கள்.

ஆறு ஒன்பதுக்கு மோட்டார் ஓடியது. தெருவின் அந்தக் கோடியிலிருந்து. இரண்டு குதிரைத்திறன். எனக்கு அந்தச் சத்தம் அத்துபடி. எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காரு."

"அக்கா, அவர் போட்டுட்டார். இப்ப எல்லாரும் போடுவாங்க."

"போடட்டும். உன்கிட்ட போடறதுக்கு என்ன இருக்கு? சுவத்துல இருக்கு. உக்காரு."

அவள் கை ஈரமாக, சில்லென்று இருந்தது. உட்கார்ந்தேன். ஆறாம் வீட்டு மோட்டார் எப்போது கிளம்பும் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஒன்பதாவது. பிறகு பதினொன்று. எனக்கு வரிசை தெரியும்.

எதுவும் கிளம்பவில்லை. அந்தப் பெரிய மோட்டார் மட்டும் தனியாக ஓடியது. பதிமூன்று வீடு தூரத்திலும் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாள் பதிமூன்று மோட்டார் சத்தத்தில் யாருடையது எது என்று கேட்காது. இன்று அதற்கு முகவரி இருந்தது.

ஒரு நிமிடம் ஓடியிருக்கும். நின்றுவிட்டது.

ஆறு இருபதுக்கு எங்கள் குழாய் இருமியது. தண்ணீர் வந்தது. முதல் டிரம். இரண்டாவது. அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் போனதிலிருந்தே எனக்குத் தெரிந்தது, இன்று நிரம்பும் என்று. ஆறு ஐம்பத்தைந்துக்கு மூன்றாவது டிரம் விளிம்பைத் தொட்டது. குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு வாளி காலியாக இருந்தது. அவற்றைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஐந்து நிமிடம் இருக்கிறது, வாளியும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது.

குழாயை மூடினேன். பெரிய மனதோடு மூடினேன் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் அதைத் தூக்கிக் கொட்ட வேண்டியவன் நான்தான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "யாருப்பா அது, குழாய மூடினது? எனக்குத் திடீர்னு வேகமா வருது!"

"நான்தான் டீச்சர்!"

"மணி இன்னும் ஆகலையே? உனக்கு நின்னு போச்சோன்னு பாத்தேன்."

"வருது டீச்சர். எனக்குப் போதும்."

"எனக்கும் ஆச்சு. நானும் மூடுறேன். பன்னெண்டாம் வீட்டுக்காரர் பிடிச்சுக்கட்டும்."

ஏழரைக்கு மாடி வீட்டுக்காரர் நடந்து வந்தார். எங்கள் தெருவில் அவர் கடைசி வீடு வரை நடந்து நான் பார்த்ததில்லை. சுவர் மேல் இருந்த மோட்டாரைச் சுற்றி ஒரு முறை பார்த்தார், ஏதோ வாங்க வந்தவர் மாதிரி.

"தம்பி, காலையில போட்டது நான்தான்."

"தெரியும் சார்."

"தெரியும்னு தெரியும். அதான் வந்தேன்." கழுத்தைச் சொறிந்தார். "பழக்கதோஷம். கை தானாப் போயிடுச்சு. போட்டுட்டுக் காத்திருந்தேன், இப்ப எல்லாரும் போடுவாங்க, நம்ம மட்டும் இல்லைன்னு ஆயிடும்னு. ஒருத்தரும் போடல. வீட்டுல இவ வேற ஜன்னலத் திறந்து வச்சுட்டு, 'இன்னும் கொஞ்சம் சத்தமா ஓட்டுங்க, ஊருக்கே கேக்கட்டும்'ங்கறா."

"தண்ணி வந்துச்சா சார், உங்களுக்கு?"

"அதுதானே கூத்து. தொட்டி நேத்தே நிறைஞ்சிருக்கு. ஓட்டினதெல்லாம் வழிஞ்சு வாசல்ல போச்சு." மோட்டாரைத் தட்டினார். "நானும் கழட்டி இப்படி வெளிய வைக்கணுமா?"

"வச்சா நல்லாருக்கும் சார்."

"மழை பெஞ்சா துரு ஏறுமே."

"ஏறட்டும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர்களும் அன்றே கழற்றினார்கள் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நாலு வீட்டில் கழற்றினார்கள். மீதி வீடுகளில் மோட்டார் அப்படியே இருக்கிறது. போடுவதில்லை, அவ்வளவுதான். போட்டால் கேட்கும். மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்த்தால் இப்போது டீ வாங்கித் தருவதில்லை. மின்விசிறிகளுக்குக் கம்பிச்சுருள் கட்டும் வேலை எடுத்துச் செய்கிறார்.

அன்று காலை எட்டு மணிக்கு அம்மாக்கள் வந்தார்கள். இன்று பத்தாம் நாள் என்பது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. பிள்ளைகளை இறக்கி விடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அவர்களைப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் டிரம்களின் மூடிகளைத் திறந்தாள். ஒரு அம்மா குனிந்து பார்த்து, விரல் விட்டு, மோந்து பார்த்தாள்.

"லாரித் தண்ணியாக்கா?"

"குழாய்த் தண்ணி."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வாங்க."

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கு. அன்னைக்கு வச்சுப்பீங்களா?"

"ஏம்மா, தண்ணி வந்துச்சுன்னதும் என்னை ஏழு நாளும் வேலை வாங்கப் பாக்கறியா?" என்றாள் அக்கா. பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "கொண்டு வந்து விடு. மத்தியானம் வரைக்கும்தான்."

பதினொரு பிள்ளைகளும் உள்ளே போயின. நான் பக்கத்து அறையில் படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அழுதார்கள், யாரோ எதையோ கவிழ்த்தார்கள், அக்கா யாருக்கோ பின்புறம் கழுவிக்கொண்டே ஒண்ணு, ரெண்டு என்று எண்ணி மிரட்டினாள். அந்தச் சத்தத்தில் யாராலும் தூங்க முடியாது. நான் மத்தியானம் இரண்டு மணி வரை தூங்கினேன்.